டைம் மேனேஜ்மென்ட்டா? எங்களுக்கு பஸ்ஸு தான் பிரச்சனை

போன வாரம் தோட்டத்துக் கோயில் திருவிழாவுல ஒரு அங்கிள் மைக்க புடிச்சு, "இந்தப் புள்ள ஓடுது, படிக்குது, சேவையும் செய்யுது, டைம் மேனேஜ்மென்ட்னா இதான்"னு என்னைக் காட்டிப் பேசிட்டாரு. எல்லாரும் கை தட்டுறாங்க, எனக்கு முகத்த எங்க வச்சிக்கிறதுன்னு தெரியல. அந்த வாரம் தான் ஒரு அசைன்மென்ட் லேட்டு, ட்ரெய்னிங் ரெண்டு நாள் மட்டம்.

நான் மலேசியாவுல, தஞ்சோங் மாலிம் யுனிவர்சிட்டில ரெண்டாவது வருஷம் படிக்கிறேன், வீடு சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துல. ஓடுறது 400 மீட்டர். சாயங்காலம் முன்னூறு முன்னூறா மூணு தடவ ஓடிட்டு ரூமுக்கு வந்தா மாடிப்படி ஏறவே கால் வராது, அப்ப பாத்து ஒரு ஜூனியர் கதவத் தட்டும். மத்த மாணவருக்குத் துணையா இருக்குற மாணவர் குழு பி.ஆர்.எஸ்ல இருக்கேன், அதனால தொரத்த முடியாது. ஒரு நாள் ராத்திரி ஒண்ணு பி.டி.பி.டி.என் படிப்புக் கடன் காசு இன்னும் வரலன்னு அழுதுச்சு. நான் என்ன செய்ய, மேகி போட்டுக் குடுத்து மனு பாரத்த ஒண்ணொண்ணா பாத்தோம், விடிஞ்சா எனக்கு டெஸ்ட்டு. இதுல எங்க பேலன்ஸு? மூணையும் சமமா செய்றேன்னு சொன்னா பொய். வாரா வாரம் எதையாச்சும் ஒண்ண கீழ போட்டுட்டுத் தான் மத்தத தூக்குறேன்.

ஆனா நான் சொல்ல வந்தது என்னைப் பத்தி இல்ல. அரசாங்க யுனிவர்சிட்டிக்கு யு.பி.யூங்கிற பொது மனு முறைல மனு போட்டா படிப்புக்கு 90 விழுக்காடு, கோக்குவுக்கு, அதான் விளையாட்டு, கழகம் மாதிரி புறப்பாடத்துக்கு, 10 விழுக்காடு. அந்தப் பத்து மார்க் எங்க கெடைக்கும்? மத்தியானம் பள்ளி முடிஞ்சப்பறம், திடல்ல. எங்க தோட்டத்துப் புள்ளைங்க அந்த நேரத்துக்கு பஸ்ஸுல உக்காந்திருக்கும், அத விட்டா வேற பஸ் இல்ல, கிராப் டாக்சி கூப்புட்டா செம்பனைத் தோட்டத்துக்குள்ள வர மாட்டேங்குறான். அப்பா அம்மா ரெண்டு பேரும் விடியக்காலையிலயே பெரட்டுக்கு, தோட்ட வேலைக்குப் போயிட்டு அலுத்து வந்திருப்பாங்க, மோட்டார் எடுத்துட்டுப் போய் கூட்டியான்னு எந்தப் புள்ள கேக்கும்? இதுக்கு பேரு "இந்தியப் பசங்களுக்கு ஆர்வம் இல்ல"!

அதே அங்கிள் தான் கீழ எறங்குனதும், "அந்தக் காலத்துல தாப்பா ராஜாமணி ஓடலியா"ன்னு கேட்டாரு. ஓடுனாங்க அங்கிள், மலேசியாவுக்காக 1966ல பேங்காக் ஆசிய விளையாட்டுல தங்கம், அதுவும் நான் ஓடுற அதே 400 மீட்டர்ல, எனக்கு அவங்கன்னா உசுரு. ஆனா இப்ப அப்படி ஒரு பொண்ணு எங்க தோட்டத்து லயத்து வீட்டுல இருந்தா, பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு பாதி ரவுண்டுலயே பைய தூக்கிட்டு ஓடிடும்.

அதான் மாசம் ரெண்டு சனிக்கிழமை ஈ.டி.எஸ் ரயில் புடிச்சு ஊருக்கு வந்து தமிழ்ப்பள்ளித் திடல்ல ஒம்பது புள்ளைங்கள ஓட விடுறேன், அப்பறம் மரத்தடில கணக்கு. இங்க ஓடுனா கோக்கு மார்க் கெடையாது, தெரியும். ஆனா இந்த வருஷம் ரெண்டு பேரு பள்ளி ஓட்டக்காரங்கள எடுக்குற தேர்வுல செலக்ட் ஆயிட்டாங்க, மாவட்டப் போட்டிக்குப் போனா அதுக்கு மார்க் உண்டு. கோச் என்மேல கொஞ்சம் கடுப்புல தான் இருக்காரு, வீக்கெண்ட் ட்ரெய்னிங் போகுதுல்ல. அவரு சொல்றதும் ஞாயம் தான், என் டைமிங் எறங்கவே மாட்டேங்குது.

மைக்ல புகழ்ந்தவங்களுக்கு நன்றி. புதன்கிழமை மத்தியானம் நாலரைக்கு டவுன்ல இருந்து தோட்டத்துக்கு வேன் ஓட்ட யாராச்சும் இருந்தா இன்பாக்ஸ் வாங்க. எண்ணெய்க் காச நாங்க ஆளுக்குக் கொஞ்சமா போட்டுக்கிறோம்.