பிரியாணிக்கு ஆள் இருக்கிறது, டீச்சர் சம்பளத்துக்கு இல்லை

பாலக்கோடு பக்கம் ஒரு சின்ன டிரஸ்ட்டுக்கு ஆறு வருடமாக நான்தான் கணக்கு எழுதுகிறேன். மூளை முடக்குவாதம், ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகள் காலையில் வந்து சாயங்காலம் வீடு திரும்புகிற பகல்நேர மையம் அது. இருபத்திரண்டு பிள்ளைகள், ஒரு வேன், இரண்டு டீச்சர், கைகால் பயிற்சி கொடுக்க வாரத்தில் மூன்று நாள் வரும் ஒரு பிசியோ, சமைக்க ஒரு அம்மா. அவ்வளவுதான் டிரஸ்ட். என் அக்கா மகளும் அங்கேதான் போகிறாள். அவளுக்கு இப்போது பதினான்கு வயது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போயிருந்தேன். ஞாயிறு மையத்துக்கு விடுமுறை. ஆனாலும் வேன் ஓடியது. சாப்பாடு போட வருகிறவர்களுக்கு ஞாயிறுதான் வசதி என்பதால் மாரண்டஅள்ளி வரைக்கும் போய்ப் பிள்ளைகளை ஏற்றி வந்திருந்தார்கள். அன்றைக்கு மூன்று பேர் சொல்லி வைத்திருந்தார்கள். பதினொரு மணிக்கு ஒரு குழந்தையின் முதல் பிறந்தநாள், கேக். பன்னிரண்டரைக்கு ஒருவருடைய அப்பாவின் நினைவு நாள், வடை பாயசத்தோடு சாப்பாடு. இரண்டு மணிக்கு ஒரு நண்பர்கள் குழு, மட்டன் பிரியாணி. யாரிடமும் வேண்டாம் என்று சொல்ல டிரஸ்ட் நடத்துகிற அம்மாவுக்கு மனம் வரவில்லை. இந்த முறை சொல்லிவிட்டால் அடுத்த முறை வரமாட்டார்களோ என்ற பயம் அவருக்கு.

மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகள் பலருக்கு மெல்லுவதும் விழுங்குவதுமே சிரமம். தலையை நேராகப் பிடித்து, சாதத்தைக் குழைய மசித்து, ஒவ்வொரு வாயும் உள்ளே போனதா என்று பார்த்துப் பார்த்து ஊட்ட வேண்டும். ஒரு பிள்ளைக்கு முக்கால் மணி நேரம்கூட ஆகும். அவசரப்பட்டால் சோறு மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். அன்று வந்தவர்கள் உண்மையான ஆசையோடுதான் கறித்துண்டை எடுத்துப் பிள்ளைகளின் வாயில் வைக்கப் போனார்கள். டீச்சர் ஓடி ஓடித் தடுத்தார். மூன்றாவது சாப்பாடு முடியும் நேரத்தில் ஒரு பையன் வாந்தி எடுத்தான். அவனைக் கழுவித் துடைத்து உடை மாற்றிக்கொண்டிருந்தபோதே வெளியில் குரூப் போட்டோவுக்குக் கூப்பிட்டார்கள்.

அதே வாரம் புதன்கிழமை வேன் வரவில்லை. டீசலுக்குப் பணம் இல்லை, பங்க்கில் பழைய பாக்கியே நிற்கிறது. பிசியோ வருகிற நாள் அது. அவர் வந்து, நடந்தே வரக்கூடிய தூரத்தில் இருக்கும் நான்கு பிள்ளைகளுக்கு மட்டும் பயிற்சி கொடுத்துவிட்டுப் போனார்.

இந்த இரண்டு நாட்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சோறு போடுவதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. தாது வருஷப் பஞ்சத்தில் அடிபட்ட பழைய சேலம் ஜில்லாவின் மண் இது. மழை பொய்த்த வருடங்களில் ராகிக் களிக்குக்கூட வழியில்லாமல் இருந்த கதைகளை என் பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறேன். பசித்தவனுக்கு ஒரு வேளை போட்டால் ஏழு தலைமுறைக்குப் புண்ணியம் என்று நம்புகிற ஊரில், பிறந்தநாளுக்கும் திதிக்கும் நாலு பேருக்குச் சோறு போட நினைப்பது நல்ல குணம்தான். ஆனால் இந்தப் பிள்ளைகள் பசியால் அங்கே வரவில்லை. தினமும் கைகால்களை நீட்டி மடக்கிவிட ஆள் வேண்டும் என்று வருகிறார்கள்.

அது ஏன் தினமும் வேண்டும் என்று பலருக்குத் தெரியாது. மூளையில் ஏற்பட்ட பாதிப்பால், மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகள் பலரின் தசைகள் இறுகியே இருக்கும். உடம்பு வளர எலும்பு நீளும், ஆனால் இறுகிய தசை அதற்கு ஈடுகொடுத்து நீளாது. விட்டுவிட்டால் முழங்கால் மடங்கியபடியே நின்றுபோகும், குதிகால் தூக்கிக்கொள்ளும், இடுப்பு மூட்டு நழுவவும் கூடும். கொரோனா ஊரடங்கில் மையம் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தபோது இதை எங்கள் வீட்டிலேயே பார்த்தோம். பிடித்துக்கொண்டு நிற்கப் பழகியிருந்த பிள்ளை, திரும்பப் போனபோது காலை நீட்டவே அழுதாள். பழையபடி நிற்க ஒன்றரை வருடம் ஆனது. ஒரு புதன்கிழமை வேன் வராததை நான் பெரிதாக எடுத்துக்கொள்வது அதனால்தான்.

அப்புறம் டீச்சர். சிறப்புக் கல்வி படித்து, இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்தவர்கள்தான் இந்த வேலைக்கு வரலாம். அப்படிப் படித்தவர்களுக்கு ஓசூரிலும் பெங்களூரிலும் இங்கே கிடைப்பதைப் போல இரண்டு மடங்கு சம்பளம் கிடைக்கிறது. இங்கே 14,000 ரூபாய், அதுவும் சில மாதம் பத்தாம் தேதிக்கு மேல். ஜூனில் சேர்ந்தவர் மார்ச்சில் போய்விடுவார். பேச்சு வராத ஒரு பிள்ளை, தண்ணீர் வேண்டும் என்பதைக் கண்ணால் சொல்கிறதா, விரலால் சொல்கிறதா என்று ஒரு டீச்சர் கண்டுபிடிக்கவே நாலைந்து மாதம் ஆகிறது. அவர் போனால் அடுத்தவர் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

என் கணக்குப் புத்தகத்தில் வரவுப் பக்கத்தைத் திறந்தால் சாப்பாடு, இனிப்பு, பெட்ஷீட், தீபாவளித் துணி என்றே வரிசையாக வரும். சம்பளம், டீசல், வாடகை, கரண்ட் பில் என்று யாரும் பெயர் சொல்லித் தருவதில்லை. சில பேர் வெளிப்படையாகவே சொல்வார்கள்: “சார், நான் கொடுக்கிறது அப்படியே பிள்ளைங்களுக்குப் போய்ச் சேரணும், சம்பளத்துக்கெல்லாம் போகக்கூடாது.” அவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான்: அந்த மையத்தில் பிள்ளைகளுக்குப் போய்ச் சேருவதே டீச்சரின் கையும் பிசியோவின் கையும்தான்.

ஓசூர் சிப்காட்டில் இத்தனை கம்பெனிகள் இருக்கின்றன, அவர்களிடம் கேட்கலாமே என்பார்கள். கேட்டோம். 2013 கம்பெனிச் சட்டப்படி பெரிய கம்பெனிகள் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்கு, அதாவது சிஎஸ்ஆருக்கு, செலவிட வேண்டும் என்பது உண்மை. ஆனால் அந்தப் பணத்தைப் பெற 12ஏ (டிரஸ்ட்டின் வருமானத்துக்கு வரி விலக்கு), 80ஜி (நன்கொடை தருபவருக்கு வரிக் கழிவு) பதிவுகள், மூன்று வருட அனுபவம், 2021 முதல் சிஎஸ்ஆர்-1 பதிவு என்று எல்லாம் வேண்டும். அதெல்லாம் முடித்துப் போய் நின்றால், சக்கர நாற்காலி வழங்கும் விழா நடத்துகிறோம், கட்டடத்துக்குப் பெயின்ட் அடிக்கிறோம் என்கிறார்கள். ஒரு நாளில் முடிகிற செலவு அவர்களுக்கு எளிது. மாதா மாதம் சம்பளம் என்றால் பேச்சு அங்கேயே நின்றுவிடுகிறது. முன்பு வெளிநாட்டு நிதி வாங்கும் பெரிய நிறுவனங்கள் அதில் ஒரு பங்கை இப்படிப்பட்ட சின்ன டிரஸ்ட்டுகளுக்குப் பிரித்துக் கொடுத்துவந்தன. 2020 செப்டம்பரில் வந்த சட்டத் திருத்தம் அப்படி மாற்றிக் கொடுப்பதை முழுவதுமாகத் தடை செய்துவிட்டது. ஏமாற்றுகிறவர்களைப் பிடிக்கச் சட்டம் வேண்டும்தான். ஆனால் அந்த அடி முதலில் விழுந்தது, தாலுகா அளவில் வேலை பார்க்கிற சின்னவர்கள் மேல்.

காகித வேலையின் பாரத்தையும் சொல்ல வேண்டும். 80ஜி வைத்திருக்கும் டிரஸ்ட், யார் யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று வருடா வருடம் வருமான வரித் துறைக்குப் படிவம் தாக்கல் செய்ய வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்டணம். இது தெரியாமல், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதிலேயே மூழ்கிப்போன ஒரு டிரஸ்ட் தவணையைத் தவறவிட்டு என்னிடம் வந்தது. அவர்கள் கட்டிய தொகை ஒரு டீச்சரின் மாதச் சம்பளத்தைத் தாண்டியது. என்னைப் போல வரிக் கணக்குத் தொழிலில் இருக்கும் நண்பர்கள் ஆளுக்கு ஒரு டிரஸ்ட்டை எடுத்துக்கொண்டால் போதும், தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் இப்படி நடக்காது. மாதம் இரண்டு மணி நேர வேலை அது.

இன்னொன்று. நன்கொடை கேட்டதும் “80ஜி இருக்கா?” என்பதுதான் முதல் கேள்வியாக வருகிறது. புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு 80ஜி கழிவே கிடையாது. சம்பளக்காரர்களில் நிறையப் பேர் இப்போது அந்த முறையில்தான் இருக்கிறார்கள். பழைய முறையில் இருந்தாலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு இல்லை. அதைவிடப் பயனுள்ள கேள்விகள் இருக்கின்றன. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் கீழ் பதிவுச் சான்றிதழ் இருக்கிறதா? போன வருடத் தணிக்கை அறிக்கையைக் காட்டுவீர்களா? டீச்சர் எத்தனை வருடமாக இருக்கிறார்? இவற்றைக் கேளுங்கள். ஏமாற்று டிரஸ்ட்டுகளும் உண்டு, பிள்ளைகளைக் காட்டிக் காசு பறிக்கிறவர்களும் உண்டு. இந்தக் கேள்விகளுக்கு அவர்கள் நழுவுவார்கள், நேர்மையானவர்கள் சந்தோஷமாக நோட்டைத் திறந்து வைப்பார்கள்.

இதையெல்லாம் அரசாங்கம் செய்யட்டுமே என்று கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. அரசு செய்யாமலும் இல்லை. ஏழு வகையாக இருந்த குறைபாடுகளின் பட்டியலை 2016 சட்டம் 21 ஆக்கியது. கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தமிழ்நாட்டில் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்புத் தொகை வருகிறது. நிராமயா காப்பீட்டில் 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவு பெறலாம். அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைக்குப் பதினெட்டு வயது முடிந்தால், கலெக்டர் தலைமையிலான குழுவிடம் விண்ணப்பித்துப் பெற்றோரே சட்டப்படி பாதுகாவலர் ஆகலாம். சரி, இதையெல்லாம் சித்தேரி மலையில் இருக்கும் ஒரு தாய்க்கு யார் சொல்வது? பெரிய பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு அரூர் வந்து, பஸ் மாறித் தருமபுரி வந்து, டாக்டர் குழு முன்னால் நின்று, அடையாள அட்டைக்கு ஆதாரில் பெயர் ஒத்துப்போகவில்லை என்றால் திரும்பப் போய், மறுபடி வருவது யார்? அஞ்செட்டியிலிருந்து கிருஷ்ணகிரி வருகிறவர்களுக்கும் இதே பாடுதான். கூடவே வந்து வரிசையில் நிற்பவர், விண்ணப்பம் நிரப்புபவர், நிராமயாவை வருடா வருடம் மறக்காமல் புதுப்பிப்பவர், எல்லாம் இப்படி ஒரு சின்ன டிரஸ்ட்டின் பெண்ணாகத்தான் இருப்பார். அவருடைய பஸ் செலவுக்கு எந்தத் திட்டத்திலும் இடம் இல்லை.

நம் இரண்டு மாவட்டத்துக்கென்றே ஒரு துன்பமும் இருக்கிறது. குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. அதற்கு மேல் இருந்த போர்வெல் தண்ணீரைக் காலமெல்லாம் குடித்த ஒரு தலைமுறை நம் ஊர்களில் வாழ்கிறது. கறை படிந்த பல்லையும், வளைந்த காலையும், நிமிர்த்த முடியாத முதுகையும் நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். 2013ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது பெரிய விடுதலை. ஆனால் எலும்பில் ஏற்கனவே நடந்த சேதம் நல்ல தண்ணீரால் திரும்பாது. 2016 சட்டத்தின் அந்த 21 குறைபாடுகளின் பட்டியலில், ஃபுளோரைடால் வரும் இந்த நோயின் பெயரான ஃபுளோரோசிஸ் இல்லை. கைகால் இயக்கக் குறைபாடு என்ற வகையில் 40 சதவீதம் என்று சான்று வாங்கினால்தான் சலுகைகளுக்கு வழி. வயதானால் அப்படித்தான் என்று கொல்லையோரம் உட்கார்ந்திருக்கும் பெரியவரிடம் இது உனக்கு உரியது என்று சொல்லி அழைத்துப் போகவும் ஓர் ஆள் வேண்டும்.

தருமபுரி மாவட்டத்துச் சிட்லிங்கியைப் பாருங்கள். 1993ல் டாக்டர் ரெஜி ஜார்ஜும் டாக்டர் லலிதாவும் ஒரு கூரைக் கொட்டகையில் தொடங்கியது இன்று மலைவாழ் மக்களின் மருத்துவமனையாக நிற்கிறது. அந்தப் பள்ளத்தாக்கின் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, அவர்களையே செவிலியராகவும் சுகாதாரப் பணியாளராகவும் ஆக்கினார்கள். ஆள் நிலைத்து நின்றதால்தான் அந்த இடம் நிலைத்தது என்பது என் எண்ணம்.

போன வருடம் யாரோ ஒருவருடைய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் என் அக்கா மகளின் படம் வந்தது. வாயோரம் எச்சில் வழிய, பக்கத்தில் கேக்கோடு ஒருவர் சிரித்துக்கொண்டு நிற்கிறார். கீழே, கடவுளின் குழந்தையோடு என் பிறந்தநாள் என்று எழுதியிருந்தது. அக்கா அதை என்னிடம் காட்டிவிட்டு, “தம்பி, அவளுக்குப் பேர் இருக்குதில்ல?” என்றாள். நான் பதில் பேசவில்லை. அதற்குப் பிறகு மையத்தில் போட்டோ எடுக்கக்கூடாது என்று போர்டு வைத்தோம். சாப்பாடு சொல்லுகிறவர்கள் கொஞ்சம் குறைந்தார்கள். டிரஸ்ட் அம்மா அதற்காகப் போர்டைக் கழற்றவில்லை. அந்த உறுதிக்காகவே அவர் மேல் எனக்கு மரியாதை கூடியது.

இதற்கு நடுவில் என்னோடு பத்தாம் வகுப்பு படித்தவர்களின் குரூப்பில் ஒரு முறை கேட்டுப் பார்த்தேன். ஆளுக்கு மாதம் 300 ரூபாய், மூன்றாம் தேதி தானாகவே வங்கியில் கழிவது போலச் செய்து தர முடியுமா என்று. முப்பத்தெட்டு பேர் சேர்ந்தார்கள். ராயக்கோட்டை மண்டியில் தக்காளி ஏற்றுகிற நண்பன் ஒருவனும், குவைத்தில் டிரைவராக இருப்பவனும், அங்கன்வாடி வேலை பார்க்கும் தோழியும் அதில் இருக்கிறார்கள். மாதம் 11,400 ரூபாய். அதோடு 2,600 போட்டால் ஒரு டீச்சரின் சம்பளம். அந்த டீச்சர் மூன்றாவது ஜூனையும் இங்கேயே தொடங்கிவிட்டார். என் அக்கா மகள் இப்போது முதுகுக்குச் சாய்மானம் இல்லாமல் உட்கார்ந்து, பெரிய கைப்பிடி வைத்த ஸ்பூனால் தானே பாதி சாப்பாடு சாப்பிடுகிறாள். அவள் மையத்தில் இருக்கும் நேரத்தில் அக்கா தக்காளி பறிக்கப் போகிறாள். பத்து வருடத்துக்குப் பிறகு அக்கா கையில் சொந்தக் கூலி.

பிசியோவுக்கு இன்னும் ஆள் சேரவில்லை. வாரம் மூன்று நாள், மாதம் 9,000 ரூபாய், முப்பது பேர் வேண்டும். இந்த டிரஸ்ட்டுக்கே தர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பென்னாகரத்திலோ, ஊத்தங்கரையிலோ, தேன்கனிக்கோட்டையிலோ உங்களுக்குப் பக்கத்தில் ஒன்று இருக்கும். விசாரித்துவிட்டு, கேக் எதுவும் வாங்காமல், ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்குப் போய் வேன் வந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.