மனநிலையை மாற்றினால் பில் பணம் வந்துவிடுமா?

சிறு தொழில் நடத்தும் ஒரு அம்மாவின் கேள்விக்கு மேடைப் பேச்சாளர் ஒருவர் பதில் சொல்லும் அந்த வீடியோவைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நேற்றிலிருந்து ஆளுக்கு ஆள் அனுப்பிக்கொண்டே இருக்கிறீர்கள், அதுவும் "செம ஸ்பீச்" என்ற குறிப்போடு. சரி, எழுதிவிடுகிறேன்.

கிராமத்தில் சிறு தொழில் நடத்தும் அந்த அம்மா கேட்டது ஒரே ஒரு கேள்வி. "சரக்குக் கொடுத்து நாலு மாசம் ஆச்சு, பணம் வரலை, என்ன பண்றது?" மேடையில் இருந்தவர் மீள்திறனைப் பற்றி, அதாவது அடி விழுந்தாலும் மீண்டு எழுவதைப் பற்றி, பாடம் எடுத்தார். மூங்கில் வளையுமாம், முறியாதாம். மனநிலையை மாற்றிக்கொள்ள வேண்டுமாம். அரங்கமே கைதட்டியது. அந்த அம்மாவுக்கு வர வேண்டிய பில்லைப் பற்றி ஒருவர்கூட வாய் திறக்கவில்லை.

ஐயா, மூங்கிலுக்கு மாதத் தவணை கிடையாது.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். கெட்ட காலத்தில் ஒரு சிறு தொழிலைத் தாங்கிப் பிடிப்பது மனநிலை இல்லை. கையில் இருக்கும் ரொக்கம், நேரத்துக்கு வந்து சேரும் பாக்கி, நஷ்டத்தில் தோள் கொடுக்க நாலு பேர். இவ்வளவுதான். ஜேபி மோர்கன் சேஸ் ஆய்வு நிறுவனம் 2016இல் அமெரிக்காவின் சுமார் 6 லட்சம் சிறு தொழில்களின் கணக்குகளை அலசியது. வரவு அடியோடு நின்றால் அவற்றில் பாதிக்கு 27 நாள் செலவுக்குக்கூடக் கையிருப்பு இல்லை. அங்கேயே இந்த நிலை என்றால், நாலு மாதப் பாக்கியை எந்த மனநிலையை வைத்துச் சமாளிப்பது?

என் அப்பா கருகிய மோட்டாருக்குக் காயில் (உள்ளே இருக்கும் செம்புக் கம்பிச் சுருள்) கட்டுகிறவர். கிராமத்துப் பட்டறை. வறட்சி வந்தால் விவசாயிக்கு மட்டும்தான் அடி என்று நினைப்பீர்கள். வறட்சியில் பட்டறைக்கு வேலை கூடும், அதுதான் வேடிக்கை. தண்ணீர் கீழே போகப் போக மோட்டார் வறண்டு ஓடிக் கருகும். வரிசையாகக் கொண்டுவந்து இறக்குவார்கள். எரிந்த வார்னிஷ் நாற்றம் வீடுவரைக்கும் வரும். பழைய கம்பியை உருவி, ஸ்லாட்டுகளைச் சுரண்டி, இன்சுலேஷன் தாளைச் சொருகி, சுற்று எண்ணி எண்ணிப் புதுக் கம்பியை இறக்கி முடித்தால், "அறுவடை ஆனதும் தரேன்" என்பார்கள். எந்த அறுவடை? அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. கம்பி விற்கிறவரோ ரொக்கத்தைப் பார்க்காமல் தராசில் வைக்க மாட்டார். பட்டறை நிறைய வேலை, கல்லா காலி. வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு "நல்லா ஓடுதே" என்றுதான் தோன்றும்.

அப்பா சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. கழற்றிய பழைய செம்பைக் கூலியில் கழித்துக்கொண்டார். வேறு இரண்டு பட்டறைக்காரர்களோடு சேர்ந்து கம்பியை மொத்தமாக வாங்கினார். (போட்டிக்காரர்கள்தான். இல்லாத காலத்தில் போட்டியாவது ஒன்றாவது.) மின்விசிறி, வெல்டிங் மெஷின், எது வந்தாலும் பிரித்தார். இவ்வளவு செய்தும், ஒரு பெரிய ஆலைக்காரர்கள் "பில் மேலே போயிருக்கு, கையெழுத்தாகணும்" என்று மாதக்கணக்கில் இழுத்தடித்தபோது பட்டறையைக் காப்பாற்றியது அம்மாவின் மாதச் சம்பளம். அதை யாரும் பட்டறைக் கணக்கில் எழுதவில்லை. அப்பா தனக்குக் கூலி எடுக்காத மாதங்களையும் எழுதவில்லை. இதற்குத்தான் மேடையில் மீள்திறன் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

"அப்ப எல்லாத்தையும் அரசாங்கமே பண்ணணுமா?" என்று ஒருவர் கிளம்புவார். நான் எங்கே அப்படிச் சொன்னேன்? வாங்கின சரக்குக்குப் பணம் கொடு என்பது மானியம் கேட்பதா? சட்டம் இல்லாமலும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011 விதிப்படி அரசு அலுவலகங்களுக்குப் பொதுவாக 30 நாள் கெடு. இந்தியாவில் 2006ஆம் ஆண்டுச் சட்டம் குறு, சிறு நிறுவனங்களுக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் தரச் சொல்கிறது. தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. வட்டி கேட்டுப் புகார் கொடுத்துவிட்டு அடுத்த ஆர்டருக்கு எந்த முகத்தோடு போய் நிற்பது?

"ஆன்லைனுக்கு மாறலாமே" என்பவர்களுக்கு: மாறட்டும், நான் எதிரி இல்லை. கென்யாவில் 2007இல் வந்த எம்-பெசா என்ற செல்போன் பணச் சேவையைப் பற்றி ஜாக், சூரி என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 2014இல் எழுதியிருக்கிறார்கள். திடீர் அடி விழுந்தபோது அதைப் பயன்படுத்தாத குடும்பங்களின் நுகர்வு சுமார் 7 விழுக்காடு குறைந்தது, பயன்படுத்தியவர்களுக்குக் குறையவில்லை. காரணம் என்ன? தூரத்தில் இருக்கும் சொந்தக்காரர்களால் செல்போன் வழியாகச் சட்டென்று பணம் அனுப்ப முடிந்தது. அங்கேயும் கைகொடுத்தது பணம்தான், பாருங்கள்.

"பலவீனமான தொழில் மூடினால்தானே புதுசு வரும்?" அட, போங்க சார்.

தோள் கொடுக்க நாலு பேர் வேண்டும் என்றேனே, அதற்கு ஒரு கதை. ஜெர்மனியில் ரைஃபைசன் என்று ஒரு கிராம மேயர் இருந்தார். பஞ்சக் காலத்தில் வசதியானவர்களின் தருமத்தை வைத்துச் சங்கம் நடத்திப் பார்த்தார். நீடிக்கவில்லை. 1864இல் ஹெடெஸ்டார்ஃபில் அதைக் கடன் சங்கமாக மாற்றினார். கடன் வாங்குகிறவர்களே உறுப்பினர்கள், ஒருவர் கடனுக்கு எல்லோரும் பொறுப்பு. வளைந்து கொடுங்கள் என்று அறிவுரை சொல்லிவிட்டு அவரும் வீட்டுக்குப் போயிருக்கலாம்.

எனக்கு உண்மையில் வலிப்பது அறிவுரைகூட இல்லை, பாராட்டு. "என்ன ஒரு போராட்ட குணம்!" என்று பொன்னாடை போர்த்துகிறவர்களில் பாதிப் பேர் யாருக்காவது பாக்கி வைத்திருப்பவர்கள். ஷட்டரை இறக்கிவிட்டுக் கூலி வேலைக்குப் போனவர் மட்டும் குணம் கெட்டவரா? அவரும்தான் வளைந்தார். எவ்வளவு தூரம் வளைந்தார் என்று எவனுக்குத் தெரியும்?

பாசிட்டிவாக எழுதச் சொல்லி யாராவது வருவீர்கள். வாருங்கள். வரும்போது ஒரு வேலை செய்யுங்கள். அந்தக் கூட்டத்துக்கு ஸ்பான்சர் செய்த நிறுவனங்களின் பெயர்களெல்லாம் பேனரில் பெரிதாகத் தெரிகின்றன. ஒவ்வொருவரிடமும் கேளுங்கள், சின்ன சப்ளையருக்கு எத்தனை நாளில் பணம் கொடுக்கிறீர்கள் என்று. பதில் வந்தால் என்னையும் டேக் பண்ணுங்கள்.