நாடா நீளத்தை நேரத்தால் வகுத்தால் மட்டும் சீரான வேகம் வராது

தம்பி, மேசையில் துரொல்லியை (சில்லு பூட்டிய சிறு வண்டி) ஒருதரம் தள்ளிவிட்டு, அது இழுத்துச் செல்லும் ரிக்கர் நாடாவின் (ரிக்கர் கருவி சம நேரத்துக்கு ஒருமுறை புள்ளி குத்தும் காகித நாடா) முழு நீளத்தை முழு நேரத்தால் வகுத்தால் சீரான வேகம் கிடைக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். கிடைப்பது சராசரி வேகம்தான். ஆரையம்பதியில் பஸ் ஏறி மட்டக்களப்பு நகரில் இறங்குபவருக்கும் ஒரு சராசரி வரும். காத்தான்குடி கடைத்தெருவில் ஊர்ந்ததும் கல்லடிப் பாலத்தில் பறந்ததும் அதில் தெரியாது.

வேகம் சீரானதா என்பதைப் புள்ளிகளுக்கு இடையிலான தூரம்தான் சொல்லும். மட்டமான மேசையில் உராய்வு இருப்பதால் இடைவெளி போகப்போகக் குறுகும், அதாவது வேகம் குறைகிறது, அமர்முடுகல். அதனால்தான் உராய்வை ஈடுசெய்ய, துரொல்லியைத் தள்ளிவிடும் பக்கத்தில் ஓடுபாதையின் முனையைச் சற்று உயர்த்துகிறோம். எங்கள் வகுப்பில் பழைய அப்பியாசக் கொப்பிகளை ஒவ்வொன்றாக அடியில் செருகுவோம். நாடாவைக் கட்டியபடியே மெதுவாகத் தட்டிவிட வேண்டும், ஏனென்றால் நாடாவின் உராய்வும் சேர்த்தி. இடைவெளிகள் சமமாகும் வரை கொப்பியைக் கூட்டிக் குறைக்க வேண்டியதுதான். கூடிப்போனால் வேகம் ஏறிக்கொண்டே போகும், ஆர்முடுகல் வந்துவிடும்.

இன்னொன்று, 10 புள்ளி என்றால் 0.2 செக்கன் என்கிறீர்கள். நம் மின்சாரம் 50 ஹேட்ஸ், ரிக்கர் செக்கனுக்கு 50 புள்ளி குத்தும், ஆகவே ஓர் இடைவெளி 0.02 செக்கன் என்பது சரி. ஆனால் 10 புள்ளிக்கு இடையில் 9 இடைவெளிதான், 0.18 செக்கன். 11 புள்ளி எண்ணுங்கள். அந்தத் தூரம் 6.4 சென்ரிமீற்றர் என்றால் வேகம் செக்கனுக்கு 32 சென்ரிமீற்றர். உங்கள் முறையில் 9 இடைவெளியின் 5.76 சென்ரிமீற்றரை 0.2 ஆல் வகுப்பதால் 28.8தான் வரும்.