பின் சீட்டில் உட்காரப்போவது நான், டெஸ்ட் ரைடு மட்டும் அவருக்கா?

மூன்று வாரமாக ஷோரூம் ஷோரூமாக ஏறி இறங்குகிறோம். இன்னும் வண்டி வாங்கவில்லை. வாங்காததற்குக் காரணம் நான்தான் என்று வீட்டில் ஒரு பேச்சு ஓடுகிறது. ஆமாம், நான்தான். ஏன் என்று சொல்கிறேன், கேட்டுவிட்டு அப்புறம் திட்டுங்கள்.

எங்களுக்கு வேண்டியது ஒரு டூரிங் வண்டி, அதாவது நெடுந்தூரம் போக ஒரு பைக். இரண்டு பேர், நாலைந்து நாள் துணிமணி, ஒரு நாளைக்கு 300, 400 கிலோமீட்டர். ஓட்டுவது இவர். பின்னால் உட்காருவது நான். கணக்குப் பார்த்தால் அந்த வண்டியில் பாதிப் பங்கு என்னுடையது. ஆனால் இந்த மூன்று வாரத்தில் என்னிடம் கேட்கப்பட்ட ஒரே கேள்வி, "மேடத்துக்கு எந்தக் கலர் பிடிச்சிருக்கு?"

முதல் ஷோரூமில் நடந்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். "சார் ஓட்டிப் பார்த்துட்டு வரட்டும், நீங்க உள்ள உட்காருங்க மேடம்" என்று சேல்ஸ் தம்பி ஒரு சோபாவைக் காட்டினார். சரி, முதலில் இவர் தனியாக ஓட்டுவார், அப்புறம் என்னை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று போவார் என்று நினைத்து நானும் உட்கார்ந்தேன். கண்ணாடி வழியாகப் பார்த்தால் இவர் வண்டியைக் கிளப்புகிறார், பின் சீட்டில் அந்தத் தம்பி தாவி ஏறுகிறார்! டெமோ வண்டியை யாரும் கிளப்பிக்கொண்டு ஓடிவிடக் கூடாது என்று ஒரு காவலாம். பத்து நிமிடத்தில் திரும்பி வந்தார்கள். இவர் முகத்தில் பல் எல்லாம் தெரிகிறது. தம்பி ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே சொல்கிறார், "பின் சீட் சூப்பரா இருக்கு மேடம், நானே உட்கார்ந்து பார்த்துட்டேன்."

அட தம்பி, டூர் போகப்போவது நீயா, நானா?

"நானும் ஒரு ரவுண்டு போய்ட்டு வரேன்" என்றேன். "கம்பெனி ரூல்ஸ் மேடம், கஸ்டமர் ரெண்டு பேர் ஏறக் கூடாது, இன்ஷூரன்ஸ் பிரச்சினை." இப்போதுதானே இரண்டு பேர் போய்விட்டு வந்தீர்கள்? அவர் ஏறினால் வராத இன்ஷூரன்ஸ் பிரச்சினை நான் ஏறினால் மட்டும் எங்கிருந்து குதிக்கிறது? பதில் இல்லை. "வேணும்னா ஸ்டாண்ட் போட்டிருக்கு, இங்கயே ஏறி உட்கார்ந்து பாருங்க."

நிற்கிற வண்டியில் ஏறி சீட் பார்ப்பது, நாற்காலியில் உட்கார்ந்தபடியே செருப்பைப் போட்டுப் பார்த்துவிட்டு அளவு சரி என்பது போல. மெயின் ஸ்டாண்டில் நிற்கும்போது பின் சக்கரத்தின் மேல் பாரமே இல்லை, சஸ்பென்ஷன் தொங்கிக்கொண்டு நிற்கிறது. காற்று இல்லை, பிரேக் இல்லை, அதிர்வு இல்லை. பஞ்சு மெத்தென்று இருக்கிறதா என்பது மட்டும்தான் தெரியும். மெத்தென்று இருக்கும் சீட்டை நம்பவே கூடாது என்பது எனக்கு ஏற்கெனவே பட்ட அனுபவம். முதல் பத்து நிமிடம் சொர்க்கம். ஒரு மணி நேரத்தில் பஞ்சு அமுங்கி, அடியில் இருக்கும் பிளாஸ்டிக் பலகை இடுப்பெலும்பைத் தேடி வந்து குத்தும். கொஞ்சம் கெட்டியாக, அகலமாக இருப்பதுதான் தூரத்துக்குத் தாங்கும்.

ஆனாலும் ஏறி உட்கார்ந்தேன். கால் வைக்கும் ஃபுட்ரெஸ்ட் அவ்வளவு உயரத்தில் இருந்தது, முழங்கால் மடங்கி விலா எலும்பைத் தொடாத குறை. பிடித்துக்கொள்ளக் கைப்பிடி எங்கே என்று இரண்டு பக்கமும் தடவினேன். இல்லை. சீட்டுக்குக் குறுக்கே, என் தொடைக்கு அடியில் ஒரு பட்டை. பிரேக் போடும்போது எனக்கு அடியிலேயே இருக்கும் பட்டையை நான் எந்தக் கையால், எந்தக் கோணத்தில் பிடிப்பது? அதை வடிவமைத்தவர் ஒரே ஒரு முறை அதைப் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்து போயிருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

"சீட் மாத்திக்கலாம் மேடம்" என்றார் தம்பி. மாற்றலாம். சீட்டுக்கும் ஃபுட்ரெஸ்டுக்கும் நடுவில் இருக்கும் தூரத்தை எப்படி மாற்றுவது? பஞ்சை உயர்த்தினால் முழங்காலுக்குக் கொஞ்சம் நிம்மதி, நிஜம். ஆனால் அதே அளவுக்கு என் தலையும் உயர்ந்து காற்றுக்குள் போய்விடும்.

காற்று என்றதும்தான் நினைவுக்கு வருகிறது, இரண்டாவது வண்டி. அங்கே எப்படியோ சண்டை போட்டு இரண்டு பேருமாகப் பதினைந்து நிமிடம் ஓட்டிப் பார்த்தோம். இவர் முன்னால் காற்றுத் தடுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் சுகமாக உட்கார்ந்திருக்கிறார். அந்தக் கண்ணாடி தள்ளிவிட்ட காற்று இவர் ஹெல்மெட்டுக்கு மேலே ஏறி, நேராக என் முகத்தில் வந்து விழுகிறது. பின் சீட் பெரும்பாலும் முன் சீட்டைவிட உயரம்தானே. அதுவும் சீரான காற்றாக இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம், இது சுழன்று சுழன்று வரும் காற்று. தலையை இரண்டு பக்கமும் யாரோ மாறி மாறித் தட்டுவது போல இருக்கிறது. இவர் கண்ணாடியை ஒரு படி ஏற்றினார். இவருக்கு இன்னும் சுகம், எனக்கு இன்னும் அடி. இறக்கியபோதுதான் என் தலை கொஞ்சம் ஆடாமல் நின்றது. தனியாக ஓட்டிப் பார்த்து வாங்கியிருந்தால் இவர் அதை மேலேயே வைத்திருப்பார்.

அப்புறம் அந்த 'டொக்'. பின்னால் உட்காரும் எல்லோருக்கும் இந்தச் சத்தம் தெரியும். கியர் மாற்றும்போது, பிரேக் போடும்போது என் ஹெல்மெட் போய் இவர் ஹெல்மெட்டில் இடிக்கும். சீட் முன்பக்கமாகச் சரிவாக இருந்தால் ஒவ்வொரு பிரேக்குக்கும் நான் சறுக்கிக்கொண்டு போய் இவர் முதுகில் மோதுவேன், என் பாரம் இவர் மணிக்கட்டில் இறங்கும். ஆக, பின் சீட் சரியில்லை என்றால் அது என் பிரச்சினை மட்டும் இல்லை. ஓட்டுபவருக்கும் இரண்டு மணி நேரத்தில் கை போய்விடும். இதைச் சொன்னால் இவர், "குயிக் ஷிஃப்டர் இருக்கும்மா" என்கிறார். கிளட்ச் பிடிக்காமலேயே கியர் மாற்றும் வசதியாம். நான் என்ன சொல்கிறேன், இவர் என்ன சொல்கிறார்!

சரி, என் கோபத்தின் நடுப்பகுதிக்கு வருகிறேன். எடை.

ஒவ்வொரு ஷோரூமிலும் நான் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான், "இந்த வண்டி எவ்வளவு எடை தாங்கும்?" குதிரைத்திறன் எவ்வளவு என்றால் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்கிறார்கள். இதற்கு மட்டும் ஒரே பதில், "எவ்வளவு வேணாலும் தாங்கும் மேடம்." தாங்காது. உரிமையாளர் கையேட்டில் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை என்று ஓர் எண் இருக்கும். அதிலிருந்து கெர்ப் எடையை, அதாவது பெட்ரோல், ஆயில் எல்லாம் ஊற்றி ஓடத் தயாராக நிற்கும் வண்டியின் எடையைக் கழிக்க வேண்டும். மிச்சம்தான் நமக்கு. சில விளம்பரத் தாள்களில் ட்ரை வெயிட் என்று பெட்ரோல், ஆயில் ஊற்றாத எடையைப் போட்டிருப்பார்கள், அதை நம்பிக் கழித்தால் கணக்கு தவறிவிடும். 20 லிட்டர் பெட்ரோல் மட்டுமே ஏறத்தாழ 15 கிலோ.

ஒரு வண்டியின் கையேட்டை வாங்கி அங்கேயே உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மொத்தம் 395, வண்டி 213, மிச்சம் 182 கிலோ. இவர் 81. நான் 66 (எழுதிவிட்டேன், இனி யாரும் கேட்க வேண்டாம்). ஆக 147. ஹெல்மெட், ஜாக்கெட், பூட்ஸ், கையுறை என்று இரண்டு பேருக்கும் சேர்த்து 15. இன்னும் மிச்சம் 20. பக்கவாட்டுப் பெட்டி இரண்டு, டாப் பாக்ஸ், அவற்றை மாட்டும் கம்பிகள் எல்லாம் சேர்த்துக் காலியாகவே 14 கிலோ. கடைசியில் நிற்பது 6 கிலோ. இரண்டு பேருக்கு நாலு நாளைக்கு 6 கிலோ! அந்த வண்டிக்கு முன்னால் வைத்திருந்த பலகையில் 'உலகம் சுற்றப் பிறந்தது' என்கிற ரீதியில் ஒரு வாசகம். ஒருவேளை தனியாகச் சுற்றுமோ என்னவோ.

டாப் பாக்ஸ் மூடியைத் திறந்தால் உள்ளே ஒரு ஸ்டிக்கர், அதிகபட்சம் 5 கிலோ. பெட்டியோ இரண்டு ஹெல்மெட்டை முழுங்கும் அளவுக்குப் பெரிது. அவ்வளவு பெரிய பெட்டிக்கு அவ்வளவு சின்ன எண் ஏன்? அது பின் அச்சுக்கும் பின்னால் தொங்குகிறது. அங்கே வைக்கும் ஒவ்வொரு கிலோவும் முன் சக்கரத்தைக் கொஞ்சம் லேசாக்கும். ஏற்கெனவே என் பாரமும் பின்னால்தான்.

அந்தப் பதினைந்து நிமிட ஓட்டத்தில் இதையும் பார்த்தேன். நாங்கள் இருவரும் ஏறியதும் வண்டியின் பின்பக்கம் அப்படியே உட்கார்ந்துவிட்டது. முன்னால் போன காரின் பின் கண்ணாடியில் எங்கள் ஹெட்லைட் பளீரென்று அடிக்கிறது, பாவம் அந்த மனிதர். திருப்பத்தில் வண்டி சோம்பேறித்தனமாகத் திரும்புகிறது. திரும்பி வந்து, "ப்ரீலோடு யாருக்கு செட் பண்ணியிருக்கீங்க?" என்று கேட்டேன். விழித்தார்கள். பின் ஷாக்கின் ஸ்பிரிங்கை எவ்வளவு அழுத்தி வைப்பது என்பதுதான் ப்ரீலோடு. தனியாக ஓட்ட ஓர் அளவு, இரண்டு பேருக்கும் பெட்டிக்கும் இன்னோர் அளவு. சில வண்டிகளில் கையால் திருப்பும் குமிழ் இருக்கும், சிலவற்றில் சீட்டுக்கு அடியில் வைத்திருக்கும் கொக்கி ஸ்பேனரால் திருப்ப வேண்டும். பெரிய வண்டிகள் சிலவற்றில் ஒரு ஹெல்மெட், ஹெல்மெட்டும் பையும், இரண்டு ஹெல்மெட் என்று திரையில் படமே போட்டிருக்கிறார்கள். இவ்வளவு இருந்தும், டெமோ வண்டி மெலிந்த ஆள் ஒருவர் தனியாக ஓட்டுவதற்கு என்று வைத்த அளவிலேயே நிற்கிறது. பின் டயர் காற்றும் அப்படித்தான். செயின் கவருக்குப் பக்கத்து ஸ்டிக்கரில் இரண்டு பேருக்கு 42 பிஎஸ்ஐ என்று தெளிவாக எழுதியிருக்கிறது. அளந்தால் 33.

இதில் இன்னொரு நுட்பம் உண்டு, அதைச் சொன்னதற்கு இவரே என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். ப்ரீலோடை ஏற்றினால் ஸ்பிரிங் கெட்டியாகிவிடாது. உட்கார்ந்துபோன வண்டி கொஞ்சம் எழுந்து நிற்கும், அவ்வளவுதான். ஸ்பிரிங்கே ஒல்லியானது என்றால் கடைசி வரை திருப்பிய பிறகும் பள்ளத்தில் விழும்போது 'டங்' என்று அடிமட்டம் தட்டும். அந்த 'டங்' நேராக வருவது என் முதுகுத்தண்டுக்கு. அப்படித் தட்டுகிறதா என்று பார்க்க இரண்டு பேரும் ஏறி ஒரு மோசமான சாலையில் போக வேண்டும். இவர்கள் டெஸ்ட் ரைடுக்கு வைத்திருக்கும் பாதையோ கன்னம் போல வழவழப்பு.

வீடியோ விமர்சனங்களைப் பற்றித் தனியாக வேறு சொல்ல வேண்டுமா? இருபது நிமிட வீடியோவில் சைலன்சர் சத்தத்துக்கு மூன்று நிமிடம். பின் சீட்டுக்கு ஒரே ஒரு வரி, "பில்லியன் சீட்டும் டீசன்ட்." சொல்கிறவர் தனியாகவே போய்த் தனியாகவே வந்திருக்கிறார்.

பின்னால் உட்காருபவரை நினைத்து வண்டியே செய்ய முடியாது என்றால் பேசாமல் இருந்துவிடலாம். செய்திருக்கிறார்களே. ஹோண்டா கோல்ட்விங் 1975-இல் வந்தபோது முன்னால் காற்றுத் தடுப்புகூட இல்லாத வெறும் வண்டி. வாங்கியவர்களே வெளியில் கண்ணாடியும் பெட்டியும் வாங்கி மாட்டிக்கொண்டு ஊர் சுற்றினார்கள். அதைப் பார்த்துவிட்டு 1980-இல் கம்பெனியே கண்ணாடி, பெட்டி எல்லாவற்றோடும் இன்டர்ஸ்டேட் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. இன்றைய கோல்ட்விங் டூரில் பின்னால் உட்காருபவருக்குச் சாய்மானம் வைத்த நாற்காலி மாதிரி சீட். ஏறத்தாழ 380 கிலோ வண்டி, எங்களால் உருட்டக்கூட முடியாது, அதனால் அது எங்களுக்கு இல்லை. நான் கேட்பது அந்த நாற்காலியைக்கூட இல்லை. கெட்டியான தட்டைச் சீட், பக்கத்தில் இரண்டு கைப்பிடி, நாலு விரல் கீழே இறங்கிய ஃபுட்ரெஸ்ட். இதற்கு என்ன ராக்கெட் விஞ்ஞானமா வேண்டும்?

தெரிந்தவர் ஒருவர் புண்ணியத்தில் அவருடைய இரட்டைச் சிலிண்டர் வண்டியில் மட்டும் இரண்டு மணி நேரம் போய் வந்தோம். உருப்படியாக ஏதாவது தெரிந்துகொண்டோம் என்றால் அந்த இரண்டு மணி நேரத்தில்தான். நாற்பதாவது நிமிடத்தில் வலது பாதத்தில் குறுகுறுப்பு ஆரம்பித்தது. இன்ஜின் ஒரு குறிப்பிட்ட ஆர்பிஎம்மில், அதாவது ஒரு குறிப்பிட்ட வேகத்தில் சுழலும்போது மட்டும் ஃபுட்ரெஸ்ட் நடுங்குகிறது, கொஞ்சம் வேகம் கூட்டினாலும் குறைத்தாலும் நின்றுவிடுகிறது. ஆனால் இவருக்குப் பிடித்த வேகம் சரியாக அதே இடத்தில் இருக்கிறது. "எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்கிறார். தெரியாது, ஏனென்றால் நடுங்குவது என் ஃபுட்ரெஸ்ட்!

நேற்று அடுத்த ஷோரூமுக்கு நானே ஃபோன் செய்தேன். இரண்டு பேர் வருவோம், இரண்டு பேரும் ஏறுவோம், எங்கள் எடைக்கு ப்ரீலோடும் டயர் காற்றும் வைத்து வையுங்கள், குறைந்தது ஒரு மணி நேரம் வேண்டும் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

"மேடம்... சார் பக்கத்துல இருந்தா கொஞ்சம் ஃபோனைக் குடுங்களேன்."