கோழி ரத்தம் குடித்தார் என்று இன்னும் எத்தனை வருடம் சொல்வீர்கள்?

அமெரிக்க ராக் பாடகர் ஆலிஸ் கூப்பரின் நிகழ்ச்சியிலிருந்து கில்லட்டின் (தலையை வெட்டும் கருவி) காட்சியை மட்டும் நறுக்கி எடுத்து, "மேடையில் கோழி ரத்தம் குடித்த சாத்தான் பாடகன்" என்று தலைப்பு போட்டுப் பரப்புகிறார்களே, அந்த வீடியோவைத்தான் சொல்கிறேன். இரண்டு நாளாகப் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை.

ஆலிஸ் கூப்பர் கோழி ரத்தம் குடிக்கவில்லை. 1969 செப்டம்பர் 13, கனடாவின் டொராண்டோ வர்சிட்டி ஸ்டேடியத்தில் அவருடைய கச்சேரி. மேடைக்கு ஒரு கோழி வந்துவிட்டது. பறவைதானே, பறந்துவிடும் என்று கூட்டத்தின் பக்கம் வீசினார். அது பறக்கவில்லை. பிய்த்துப் போட்டது கூட்டம். மறுநாள் பத்திரிகைகள் பழியை அவர்மேல் போட்டன. வீசியது தப்புதான், அதற்கு நான் வக்காலத்து வாங்க வரவில்லை. ஆனால் குடிக்கவில்லை.

அவர் காட்டுகிற திகில் முழுக்கக் கைவேலை. அந்தக் கில்லட்டினை 1973 சுற்றுப்பயணத்துக்கு வடிவமைத்தவர் ஜேம்ஸ் ராண்டி. மாயவித்தைக்காரர். பிற்காலத்தில் நோய் தீர்ப்பதாகச் சொன்ன போதகர்களையும் மனோசக்தி என்று ஊரை ஏமாற்றியவர்களையும் அம்பலப்படுத்தினாரே, அவரேதான். சாத்தான் பூஜை என்கிறீர்கள். பேய் பிசாசை நம்பாத மனிதரிடம் போய்க் கருவி செய்துவாங்கியவர்களைத்தான் அப்படிச் சொல்கிறீர்கள். கத்தி ஏறக்குறைய 18 கிலோ, கழுத்துக்கு அரை அடி தள்ளி விழுகிறது என்று கூப்பரே சொல்லியிருக்கிறார்.

தூக்குமேடையும் அப்படித்தான். கழுத்தில் தெரிகிற கயிறு பார்வைக்கு மட்டும். உடம்பைத் தாங்குவது முதுகுப்பட்டையில் மாட்டிய பியானோ கம்பி. கயிறு இறுகுவதற்கு முன்பே உடம்பு நிற்கவேண்டும், அதனால் கம்பியின் நீளம் கொஞ்சம் குறைவாக இருக்கவேண்டும். ஒவ்வொரு முறையும் முழு எடையும் வெடுக்கென்று அதில் விழுகிறது. கண்ணுக்குத் தெரியாமல் கம்பி களைத்துக்கொண்டே போகும், காலாகாலத்தில் மாற்றாவிட்டால் அறும். 1988-ல் லண்டன் ஒத்திகையில் அறுந்தேவிட்டது. தலையைப் பின்னால் சாய்த்ததால் கயிறு தாடையைத் தாண்டி நழுவியது, கழுத்தில் காயத்தோடு பிழைத்தார். உயிரைப் பணயம் வைத்துச் செய்கிற வேலை இது. இதைத்தான் "கூத்து" என்று ஒரே சொல்லில் தள்ளிவிட்டுப் போகிறீர்கள்.

"பிள்ளைகள் கெட்டுப்போவார்களே?" 1972-ல் அவருடைய 'ஸ்கூல்ஸ் அவுட்' பாட்டு இங்கிலாந்தில் முதலிடத்தில் இருந்தபோது, ஒளிபரப்பில் ஒழுக்கம் வேண்டும் என்று போராடிய மேரி வைட்ஹவுஸும் இதைத்தான் சொன்னார், பிபிசி அதை ஒளிபரப்பக்கூடாது என்றார். கூப்பர் அவருக்குப் பூங்கொத்து அனுப்பினார். எனக்கு அவ்வளவு பெருந்தன்மை இல்லை. ஒன்று மட்டும் கேளுங்கள்: அந்த மேடையில் கூப்பர் நடிக்கிற ஆலிஸ் என்கிற கெட்டவனுக்குத் தண்டனை நிச்சயம். தூக்கிலோ கத்தியிலோ சாவான், பிறகு வெள்ளைக் கோட்டும் தொப்பியுமாகத் திரும்பி வருவான். கூப்பர் ஒரு போதகரின் மகன், அவர் எழுதிய கதை வேறு எப்படி முடியும்?

"மை பூசிக்கொண்டால் பாட்டு ஆகிவிடுமா?" ஆகாது. அது கூப்பருக்கும் அவர் குழுவுக்கும் தெரியும். அதனால்தான் தயாரிப்பாளர் பாப் எஸ்ரினிடம் போனார்கள். நீளமாக இழுத்துக்கொண்டிருந்த ஓர் இசை வாசிப்பை அவர் மூன்று நிமிடத்துக்குச் சுருக்கினார். 'ஐ'ம் எய்ட்டீன்' அப்படி வந்த பாட்டு.

எனக்கு வலித்தது வேறு. "இதையெல்லாம் ரசிப்பவர்களுக்கு மனநோய்" என்று அந்த வீடியோவுக்குக் கீழே ஒருவர் எழுத, அதற்கு நூற்றுக்கணக்கில் லைக். பயத்தைப் பாட்டாக்குகிறவனைப் பிடித்தால் நோயா? சோகப் பாட்டு கேட்கிறவர்களை யாராவது அப்படிச் சொல்கிறார்களா?

பாட்டு வீடியோக்களுக்கென்றே எம்டிவி சேனல் வந்தது 1981-ல். 1972-லேயே இவர்கள் 'எலெக்டெட்' பாட்டுக்குத் தனியாகப் படம் எடுத்துவிட்டார்கள். 1975 'வெல்கம் டு மை நைட்மேர்' நிகழ்ச்சியில் மேடைத் திரையில் படம் ஓடும். அதற்குள் பேய்கள் துரத்த கூப்பர் நம்மை நோக்கி ஓடிவருவார், அடுத்த நொடி திரையைப் பிளந்துகொண்டு நிஜமாகவே மேடையில் குதிப்பார். திரை நெடுக்குப் பட்டைகளாகப் பிரிந்து வழிவிடும். படமும் ஆளும் ஒரு விநாடி பிசகினால் மொத்தமும் பாழ். ஒவ்வொரு இரவும் அதைப் பிசகாமல் செய்யவேண்டும். அந்த நிகழ்ச்சியை முழுதாகப் பாருங்கள். பார்த்துவிட்டு வந்து திட்டுங்கள், பதில் சொல்கிறேன்.