மருந்து கம்பெனி தொடங்கிய சங்கம் அல்ல

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்பது மூளையையும் தண்டுவடத்தையும் தாக்கும் நரம்பு நோய். அதற்கான அமெரிக்காவின் தேசிய மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் சொசைட்டி 'மருந்து விற்பதற்காகவே கம்பெனிகள் தொடங்கியது' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். வருடங்களை ஒப்பிட்டாலே இது நிற்காது. சங்கம் பிறந்தது 1946இல். நோயின் போக்கைக் கட்டுப்படுத்தும் முதல் மருந்து (இன்டர்ஃபெரான் பீட்டா) அங்கே அனுமதி பெற்றது 1993இல். இல்லாத சரக்குக்கு 47 வருடம் முன்பே யார் கடை போடுவார்கள்?

தொடங்கியவர் சில்வியா லாரி என்ற பெண். தம்பி பெர்னார்டுக்கு இந்த நோய், டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள். 1945 மே மாதம் நியூயார்க் டைம்ஸில் ஒரு வரி விளம்பரம் கொடுத்தார்: இதிலிருந்து குணமானவர் யாராவது இருந்தால் நோயாளியோடு தொடர்பு கொள்ளவும். கீழே பெயர்கூட இல்லை, டி272 என்ற பெட்டி எண்தான். ஐம்பதுக்கு மேல் பதில்கள் வந்தன. வழி சொல்லி அல்ல, 'உங்களுக்கு ஏதாவது தெரிந்தால் எங்களுக்கும் சொல்லுங்கள்' என்று கேட்டு! அப்புறம்தான் ஆராய்ச்சிக்கென்றே ஒரு சங்கம் வேண்டும் என்று கிளம்பினார். முதல் நிதியுதவி கொலம்பியா பல்கலைக்கழகத்தின் எல்வின் கபாட்டுக்குப் போனது. தண்டுவட நீரில் அவர் கண்ட புரத மாற்றங்கள் பிறகு நோயைக் கண்டறியவே உதவின.

சரி, இன்று மருந்து கம்பெனிகளிடமும் இச்சங்கம் பணம் வாங்குகிறது, உண்மைதான். அதைத் தாராளமாகக் கேள்வி கேளுங்கள். ஆனால் அது தொடக்கக் கதை இல்லை.