அந்த இரட்டைத்தலைப் பறவை ரஷ்யக் கழுகு இல்லை

அல்சூர், சிவாஜிநகர் தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் நாலு நாளாக ஒரு ஃபார்வர்டு: “பெங்களூரின் பழைய கட்டடங்களில் இருக்கும் இரட்டைத்தலைப் பறவை ரஷ்ய ஜார் மன்னரின் சின்னம். 1881-ல் மைசூரைத் திருப்பிக் கொடுத்தபோது வெள்ளைக்காரன் உடையார்களுக்குக் கொடுத்தது.”

1881-ல் ஆட்சி மைசூர் மன்னர்களான உடையார்களிடம் திரும்பியது நிஜம்தான். மற்றதெல்லாம் கட்டுக்கதை.

அந்தப் பறவை கண்டபேருண்டம் என்ற புராணப் பறவை. சிவமொக்கா மாவட்டம் பள்ளிகாவியில் 1047-ல் நட்ட கல்தூணின் உச்சியில், மனித உடலும் இரண்டு பறவைத் தலைகளுமாக இன்றைக்கும் நிற்கிறது. ரஷ்ய முத்திரையில் இரட்டைத்தலைக் கழுகு வந்தது 1497-ல். யார் யாரைப் பார்த்துச் செய்திருக்க முடியும்? விஜயநகரத்து அச்சுத தேவராயரின் (1529–1542) காசைப் பாருங்கள்: அலகிலும் நகத்திலும் யானைகளைக் கவ்விக்கொண்டிருக்கும். ரஷ்யக் கழுகின் கையிலோ செங்கோலும் உருண்டையும். நம் சங்கப் பாட்டிலேயே ‘இருதலைப்புள்’ உண்டே!

உடையார்களின் அரச சின்னமான இதுதான் இன்று கர்நாடக அரசின் முத்திரையில், சிவப்புக் கேடயத்தின் நடுவில் இருக்கிறது. சந்தேகம் இருந்தால் வீட்டில் உள்ள ஏதாவது மாநில அரசுக் கடிதத்தின் தலைப்பைப் பாருங்கள். மாநில அரசு இணையதளத்திலும் இருக்கிறது.

அந்தச் செய்தி வந்தால் மேலே அனுப்பாதீர்கள். அனுப்பியிருந்தால், அதே குழுவில் இதையும் போட்டுவிடுங்கள்.